ஆறு நாள் கையெழுத்து

ஜூன் 4

என் சின்னவளுக்கு,

இதோடு பதினேழு தடவை ஃபோன் அடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்தால், "சிஸ்டர் வார்டுல இருக்காங்க" என்று ஒரு பெண் சொல்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் வேறு நர்ஸே கிடையாது போலிருக்கிறது. சரி, ஃபோனை எடுக்காமல் இருந்துவிடுவாய், கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. சின்ன வயதில் எனக்கு வந்த கடிதங்களையே எனக்கு முன்னால் பிரித்துப் படித்தவள் நீ.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய். உன் மகள், நம் பம்பரம், மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாய். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் துணியைப் பையில் திணித்து, அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். நான் செருப்புகூடப் போடாமல் தெருவில் நிற்கிறேன். உன் அத்தான் சக்கர நாற்காலியை வாசல்வரை தானே உருட்டிக்கொண்டு வந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன பதில் சொல்வேன்?

பதினாலு மாதம் அவளை என் பிள்ளையாக வைத்திருந்தேன். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை என்பதால் சொல்லவில்லை, பிறந்திருந்தாலும் இப்படித்தான் வைத்திருப்பேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் உடம்பு வலிக்கத்தான் செய்யும். நானும் கேட்காமல் இல்லை. "வளர்ற வயசு, தசை இழுக்குதும்மா, தேர்வுப் போட்டி முடிஞ்சா சரியாயிடும்" என்றார் மாஸ்டர். இருபது வருடமாகப் பிள்ளைகளைத் தயார் செய்கிற மனிதர். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. ஒரு வாரம் பாயில் கால் வைக்காவிட்டால் மூன்று வாரம் பின்னால் போய்விடும் என்று உனக்குத் தெரியாதா?

நீ என்ன நினைக்கிறாய் என்று புரிகிறது. பேப்பரில் வருகிற செய்திகளைப் படித்துவிட்டுப் பயப்படுகிறாய். அதற்காகத்தானே அந்த விதியை நான் கொண்டுவந்தேன்? பயிற்சி நடக்கும்போது ஹாலில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், இருவரும் அன்றன்றைக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கிளப் கமிட்டியில் தொண்டை வற்றப் பேசினேன். முதல் ஆளாகக் கை தட்டியவர் மாஸ்டர்தான். அதைச் சொல்லித்தான் உன்னிடமிருந்து பிள்ளையை வாங்கினேன். மாப்பிள்ளை கப்பலில், உனக்கு மாறி மாறி ஷிஃப்ட், பிள்ளையை எப்படிப் பயிற்சிக்கு அனுப்புவது என்று நீ தவித்தபோது, "நான் இருக்கேன்ல" என்றேன். காலைப் பயிற்சிக்கு இரண்டாவது பெரியவர் நானேதான். இதைவிட என்ன காவல் வேண்டும்?

அவளுடைய பள்ளிக்கூடப் பை, நீலக் கம்பளிச் சட்டை, பாதி படித்த இரண்டு புத்தகம் எல்லாம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபம் தீர்ந்ததும் ஒரு வரி எழுது.

உன் அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. என்ன ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தோம். தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேர்கிற இடத்தில், எலும்பில் ஒரு துண்டே பெயர்ந்து வந்திருக்கிறது. நேற்று முந்தாநாள் நடந்ததில்லை. குறைந்தது மூன்று மாதப் பழசு என்கிறார் எலும்பு டாக்டர். என்னோடு ஆறு வருடமாக வேலை செய்கிறவர், என் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "இதோட இவளை யாரு குதிக்க விட்டது சிஸ்டர்?"

மூன்று மாதம். தினமும் காலையில் இரண்டு மணி நேரம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் தானாகச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தினமும் முதலில் எடை பார்ப்பாராம். எடையைப் பலகையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுவாராம். நூறு கிராம் கூடியிருந்தால், பாய்களும் வளையங்களும் போட்டு வைக்கிற சாமான் அறையில் விட்டு, விளக்கை அணைத்து, வெளியே தாழ் போட்டுவிடுவாராம். கால்களை விரித்து உட்காரச் சொல்லி, இடுப்பு தரையில் படாவிட்டால் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து நூறு வரை எண்ணுவாராம். நடுவில் அழுதால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாராம். ஒருநாள் உள்ளே ஏதோ டப்பென்று சத்தம் கேட்டதாம். அன்றைக்கு எழுபத்திரண்டில் இருந்தாராம். அழுததால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாராம்.

"வீட்டில் சொல்லலாமில்லையா" என்று கேட்டேன். "வீட்ல சொல்ற பிள்ளைங்க டீம்ல இருக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். தப்பாகத் தொட்டானா? இல்லை என்றதும் பெருமூச்சு விடுகிறார்கள். "நல்லவேளை" என்கிறார்கள். எலும்பு பெயர்ந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நல்லவேளையை நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் உங்கள் கிளப்பின் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, எனக்கும் ஒரு நகல் அனுப்பினார்கள். பதினாலு மாதம். ஒருநாள் விடாமல் உங்கள் கையெழுத்து இருக்கிறது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. மாஸ்டர் தரப்பு பதிலும் வந்தது. ஒரே வரிதான். பிள்ளையின் சொந்தப் பெரியம்மாவே ஆரம்பம் முதல் கடைசிவரை ஹாலில் இருந்தார், அவரைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

அதனால் நானும் உங்களையே கேட்கிறேன். நீங்கள் அங்கே இருந்தீர்களா? இருந்தீர்கள் என்றால், அவள் முதுகில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதுங்கள்.

வேறு ஒன்றும் வேண்டாம்.


ஜூன் 22

சின்னவளே,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் நேரில் வந்து ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அத்தானுக்கு நான்தான் கடிதங்களைப் படித்துக் காட்டுவேன். இதைப் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். சௌக்கியமாம் என்று சொன்னேன்.

எலும்பு விஷயம் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாவி, மூன்று மாதமாகவா? என்னிடம் வலி என்று சொன்னபோதெல்லாம் தைலம் தேய்த்துவிட்டேன். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். நான் என்ன டாக்டரா? நர்ஸா?

நேற்று மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். வேறு யார் அவரிடம் அவ்வளவு நேரம் பேசுகிறார்கள் சொல்லு. "என் பொண்ணு மாதிரிதாம்மா வளர்த்தேன். அவ நல்லா வரணும்னுதானே கண்டிச்சேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பாக எனக்குத் தெரியவில்லை. கிளப் தலைவரும் பேசினார். இருபத்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள், கிளப்பை மூடிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்கிறார். நீயும் பிள்ளையின் பெயரை யோசிக்க வேண்டும். விசாரணை அது இது என்று போனால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்?

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தினமும் போனாயா என்று கேட்டால், தினமும் யார்தான் எங்கேதான் போக முடியும்? காலையில் அத்தானைத் திருப்பிப் போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பக்கவாதம் வந்த பக்கத்துக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எட்டரைக்கு நான் பள்ளிக்கூட ஆபீஸில் இருக்க வேண்டும். முடிந்தபோது போனேன். மற்றபடி ரெஜிஸ்டர் கமிட்டி விவகாரம், அதைப் பற்றி எழுத்தில் எதுவும் தரக் கூடாது என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

பிள்ளை சாப்பிடுகிறாளா?

அக்கா


ஜூலை 3

அக்கா,

பிள்ளை சாப்பிடுகிறாளா என்று கேட்டாயே, கேட்டுக்கொள்.

தட்டில் வைத்ததை நாலு பங்காகப் பிரிக்கிறாள். ஒரு பங்கைச் சாப்பிடுகிறாள். மூன்று பங்கைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "போதும்மா, நல்லா இருந்துச்சு" என்கிறாள். தண்ணீர் குடிக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள். தன் சொந்த வீட்டில், தன் அம்மாவிடம், "குடிக்கலாமா?" என்று கேட்கிறாள். போன வாரம் வார்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் ஒரு ஊசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காணவில்லை. தேடிப் போனால், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எடை மெஷின்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறாள். பதிமூன்று வயது. இருபத்தொன்பது கிலோ. என் வார்டில் இந்த எடையோடு ஒரு பிள்ளை வந்தால், முதல் வேலையாக அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்போம்.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ஞாயிறுதோறும் ஃபோனில் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியதைப் பார்த்தேன். "ஒல்லியாயிட்டே, அழகா இருக்கே" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். பத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்த கண் இது.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல நான் உட்காரவில்லை. ஆனால் 'முடிந்தபோது போனேன்' என்று எழுதினாயே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவளிடம் போய்க் கேட்டேன். "பெரியம்மா ஹாலுக்கு வருவாங்களா?"

முதலில் கதவைச் சாத்தச் சொன்னாள். அப்புறம் சொன்னாள். "வர மாட்டாங்கம்மா. ஆனா அதை நீ யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னா பெரியம்மாவுக்கு வேலை போயிடும். அப்புறம் பெரியப்பாவை யாரு பாத்துப்பா?"

அக்கா, அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். விசாரணைக்கு வாக்குமூலம் வாங்க வந்த பெண் அதிகாரியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். "பெரியம்மா இருந்தாங்களா" என்று கேட்டதற்கு, "ஞாபகம் இல்லை" என்றாளாம். மற்றதெல்லாம் நாள், நேரம் தவறாமல் ஞாபகம் இருக்கிறது. அது மட்டும் இல்லையாம். இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? மாஸ்டரின் வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். ரெஜிஸ்டரில் பெரியம்மா இருக்கிறார், பிள்ளையும் மறுக்கவில்லை, பெரியம்மா எந்தப் புகாரும் கொடுக்கவில்லை, ஆக மொத்தம் இது பிள்ளையின் கற்பனை என்கிறார்.

மற்றப் பெற்றோர் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து வயதில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாளாமே, தலைகீழாக நின்றால் முகம் சிவந்துபோகும், தக்காளி என்று கூப்பிடுவார்களாமே? அவள் இன்னும் காலைப் பயிற்சிக்குப் போகிறாளாம். நம் பம்பரம் அவளை நினைத்துக்கொண்டு தூங்குவதே இல்லை. "அவளுக்கு எண்ணத் தெரியாதும்மா, நூறு எப்போ வரும்னு அவளுக்குத் தெரியாது" என்கிறாள்.

விசாரணை ஜூலை இருபதாம் தேதி. நீ போய் உண்மையைச் சொல். அல்லது சொல்லாமல் இரு. இரண்டில் எதைச் செய்தாலும் அதற்கப்புறம் நீ யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.


ஜூலை 11

சின்னவளே,

எழுதிவிடுகிறேன். இடையில் எழுந்து போனால் மறுபடி வந்து உட்கார மாட்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீஸிலிருந்து வரும் வழியில் கிளப்புக்குப் போவேன். மாஸ்டர் ரெஜிஸ்டரை எடுத்து வைத்திருப்பார். அடுத்த வாரத்து ஆறு நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். திங்கள் முதல் சனி வரை, தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு. இரண்டு நிமிட வேலை. முதல் மாதம் நிஜமாகவே தினமும் போனேன். அப்புறம் அத்தானுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. அந்த வாரம் மாஸ்டர்தான் சொன்னார், "நீங்க ஏம்மா அலையணும், மொத்தமா போட்டுட்டுப் போங்க, விதி உங்க விதிதானே, உங்களை யாரு கேக்கப் போறா?" எவ்வளவு நல்ல மனிதர், என் கஷ்டம் புரிந்தவர் என்று நினைத்தேன். அந்த விதியை எழுதிய நானே அதை ஓட்டையாக்கினேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் கமிட்டியில் கிழித்திருப்பேன்.

இன்னும் இருக்கிறது.

தினமும் காலையில் ஐந்தேகாலுக்கு அவள் ஷூ மாட்டிக்கொண்டே கேட்பாள். "பெரியம்மா, இன்னிக்கு வர்றீங்களா?" நான் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டாச்சுடி, நீ கிளம்பு" என்பேன். பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறாள், தான் குதிப்பதை நான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்றே எனக்குப் பட்டது. பெருமையாகக்கூட இருந்தது. மார்ச் மாதம் வாக்கில் கேட்பதை நிறுத்திவிட்டாள். வளர்ந்துவிட்டாள், இனி பெரியம்மா எதற்கு என்று நினைத்தேன். நீ சொல்கிற மூன்று மாதக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன்.

ஒருநாள் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசி. அவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள் என்று கொடுக்கப் போனேன். ஹால் கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது, அதன் வழியாகப் பார்த்தேன். அவள் தரையில் கவிழ்ந்திருந்தாள். மாஸ்டர் மேலே உட்கார்ந்திருந்தார். அவள் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வாய் அழுகிற மாதிரி கோணியது, ஆனால் அழவில்லை. அழுதால் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார் என்று இப்போது உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். 'சபாஷ், விடாதே' என்கிற மாதிரி. பாட்டிலைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பூரித்துக்கொண்டே வந்தேன், எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் பார் என்று.

மூன்று வாரமாகக் கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிதான் தெரிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது சின்னவளே. பிள்ளைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டவளை எந்தப் பள்ளிக்கூடம் ஆபீஸில் வைத்துக்கொள்ளும்? இந்த வீடும் பள்ளிக்கூடம் கொடுத்ததுதான். அத்தானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? நேற்று தலைவர் கூப்பிட்டார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, ரெஜிஸ்டரே பேசும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டியது பழக்க தோஷமா, பயமா, எனக்கே தெரியவில்லை.

அவளிடம் என்னை மன்னிக்கச் சொல்வாயா? நீ மன்னிப்பாயா? அதைச் சொன்னால் இருபதாம் தேதி எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு ஷிஃப்டை முடித்தேன்.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். தெம்புக்கு என்று கேட்டிருக்கிறாய். என்னால் தர முடியாது. அவளிடம் கேட்கவும் மாட்டேன். பெரியவர்களுக்குத் தெம்பு கொடுத்துக் கொடுத்துத்தான் அவள் இந்தக் கதிக்கு வந்திருக்கிறாள்.

போய்ச் சொல். தெம்பு இல்லாமலே சொல். வீடு போனால் அத்தானும் நீயும் இங்கே வரலாம், பின்னறை காலியாக இருக்கிறது. அது தனி, இது தனி. ஒன்றுக்கு ஒன்று ஈடில்லை.


ஜூலை 23

சின்னவளே,

சொல்லிவிட்டேன்.

உன் வாக்குமூலத்தை முன்பே வாங்கிவிட்டதால் நீ வரவில்லை. நீ அங்கே இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன், நல்லவேளை இல்லை என்றும் நினைத்தேன். ஒரு நீள மேஜை. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"தினமும் காலையில ஹால்ல இருந்தீங்க?"

மாஸ்டர் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பழம் கொண்டுவந்த அதே முகம். எனக்குத் தக்காளியின் ஞாபகம் வந்தது. நம் பிள்ளை ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவளை நினைக்க அந்த இடத்தில் எனக்குத் தைரியமில்லை.

"இல்லம்மா. வெள்ளிக்கிழமை போய் மொத்தமா போட்டுட்டு வந்துடுவேன். பதிமூணு மாசமா அப்படித்தான். ஒருநாள் மட்டும் போனேன். அவர் பிள்ளை முதுகுல உட்கார்ந்திருந்தார். பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

வக்கீல் எழுந்தார். "பதிமூணு மாசம் பொய்க் கையெழுத்துப் போட்டவங்க, இன்னிக்கு மட்டும் உண்மை பேசறாங்கன்னு எப்படி நம்பறது?" நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், "நம்ப வேண்டாம் சார். அந்தக் கையெழுத்தையும் நம்ப வேண்டாம். குழந்தை சொன்னதை மட்டும் நம்புங்க." அதற்குமேல் அழுதுவிட்டேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, தேற்றுகிற மாதிரி நானும் நடந்துகொள்ளவில்லையே.

வெளியே வந்தால் தக்காளியின் அம்மா வராண்டாவில் நிற்கிறாள். கிளப்புக்குச் சாதகமாகப் பேச வந்தவள். கதவு திறந்திருந்ததால் கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து, "நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானே நான் வாசல்லயே விட்டுட்டுப் போவேன்" என்றாள். அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். அவள் உள்ளே ஒரு மணி நேரம் இருந்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்தார்களாம்.

மாஸ்டரை நீக்கிவிட்டார்கள். இனி எந்த ஊரிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு. போலீஸுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். என் பெயரும் அதில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல கையால் என் கையைப் பிடித்தார், அப்புறம் விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னறை வேண்டாம். அவள் இருக்கிற வீட்டில் குடிவருகிற முகம் எனக்கு இல்லை. என் பழைய சிநேகிதி ஒருத்தி கீழ்ப்போர்ஷன் தருகிறேன் என்றிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதும். நான் என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதற்கு முன்னால் வரட்டுமா? நீ சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

ஆபரேஷன் ஆறாம் தேதி முடிந்தது. எலும்பை ஸ்க்ரூ போட்டு இணைத்திருக்கிறார்கள். நடப்பாள், படி ஏறுவாள், நாளடைவில் ஓடவும் செய்யலாம் என்கிறார் டாக்டர். ஜிம்னாஸ்டிக்ஸ் இனி இல்லை. அதை நான்தான் அவளிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, "பல்டி மட்டும் அடிக்கலாமா, புல்லு மேல?" என்று கேட்டாள். அதுவும் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வயதில் கட்டில்மேல் சுற்றிச் சுற்றி விழுந்த பிள்ளை அக்கா. பம்பரம் என்று பெயர் வைத்தவளே நீதான்.

நீ விசாரணையில் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். தக்காளி இனிப் போகவில்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாள். அதற்கு நீதான் காரணம். அதை மறைக்க மாட்டேன்.

உன் கேள்வியை உடனே கேட்கவில்லை. எனக்கே பதில் தெரியும் என்று நினைத்தேன். பத்து நிமிடம்தானே, அக்காதானே, கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனதுக்குள் உனக்கு பஸ் டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். இருந்தாலும் நேற்று கேட்டேன். "பெரியம்மா உன்னைப் பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்க."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூண்டவில்லை. அப்புறம் சொன்னாள்.

"இப்போ வேண்டாம்மா. பெரியம்மா வந்தா அழுவாங்க. அவங்க அழுதா நான் 'பரவாயில்ல பெரியம்மா'ன்னு சொல்லுவேன். ஆனா எனக்கு அது பரவாயில்லைன்னு இல்லம்மா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் திட்டுவேனா என்று பார்த்தாள். "சொல்லிட்டேன்ல, தப்பா?" என்றாள்.

எனக்கு நினைவு தெரிந்து, ஒரு பெரியவரிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பதிமூன்று வயதுவரை நாம் எல்லோரும் சேர்ந்து அந்த வார்த்தையை அவளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம். "தப்பில்லடா" என்று அவளிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதை நான் காப்பாற்ற வேண்டும்.

உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நீ வராதே, அக்கா.

உன் தங்கை